மூணாவது கூப்பாடு

1. ஒன்பது அலறல்

பேய்க்கதை எழுதுறதும் ஒரு வேலை என்பதே எனக்கு பி.இ. முடித்த பிறகுதான் தெரியும். பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஆடியோ கதை ஆப். புது எழுத்தாளருக்கு மூன்று எபிசோடு ட்ரையல். அதில் ஏதாவது ஒன்று ஓகே ஆகணும். இல்லாவிட்டால் அண்ணனோடு சென்னைக்குப் போய் கால் சென்டரில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

முதல் நாள் என் ஸ்கிரிப்டை வாங்கியவர் ஷமீம் அக்கா. கோட்டக்குப்பம்காரர். புரொட்யூசரும் அவர்தான், கதை படிக்கிற குரலும் அவர்தான். படித்து முடித்துப் பேப்பரைத் திருப்பித் தந்தார்.

"ஒன்பது அலறல் இருக்குது தம்பி. அத்தனையும் கத்தப்போறது நான். எனக்குத் தொண்டைதான் வலிக்கும், கேக்கறவனுக்குப் பயம் வராது."

முதல் கதை போச்சு. இரண்டாவதில் அலறலைக் குறைத்து ரத்தத்தைக் கூட்டினேன். அதுவும் போச்சு.

2. வெயிலில் ஒரு ரெக்கார்டிங்

மூன்றாவது, எங்கள் மரக்காணம் உப்பளத்துக் கதை. செத்துப்போன அம்மா மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் உடனே பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பேய் ரெண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது குரல் வந்தால் அது மனுஷக் குரல். கதையின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் என் பேய் மூன்றாம் தடவையும் கூப்பிடும், மகன் நம்பித் திரும்புவான், பேய் பாயும், அலறல். ரொம்ப சாமர்த்தியம் பண்ணிட்டதா நினைப்பு.

அம்மா குரலை ஸ்டுடியோவில் எடுக்க வேண்டாம், உப்பளத்திலேயே எடுக்கலாம் என்று ரெக்கார்டரோடு பஸ் ஏறி வந்துவிட்டார் ஷமீம் அக்கா. அங்கே உப்பு சுமக்கிற கன்னியம்மாளைக் கேட்டோம். பேய் மாதிரி கூப்பிடணுமா என்று அவர் சிரித்தார். சும்மா சாப்பிடக் கூப்பிடுற மாதிரி போதும் என்றார் அக்கா. உப்புக் குவியலுக்குப் பின்னால், மைக்கில் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து நின்றோம்.

"ஏ முருகா... சாப்பிட வாடா."

கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை.

கதையில் மகன் பேர் முருகன். நாலு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தவர் பேரும் முருகன் என்பது எனக்குத் தெரியாது. குவியலின் ஓரத்தில் எட்டிப் பார்த்தேன். முதல் குரலுக்கே அவர் கை நின்றுவிட்டிருந்தது. இரண்டாவதற்கு நிமிர்ந்தார். அவர் கண்ணுக்கு எங்களில் யாரும் படவில்லை. பதில் சொல்லவில்லை, வேலையைத் தொடரவும் இல்லை. வாரும் பலகையைப் பிடித்தபடி, அத்தனை வெயிலில், வெள்ளைப் பாத்திக்கு நடுவே அப்படியே நின்றார்.

கன்னியம்மாள் மூன்றாம் தடவைக்கு வாயைத் திறந்தார். ஷமீம் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. நான் எழுதின கதைதான். ஆனால் இந்த இடம் நான் எழுதாதது.

அப்புறம் கன்னியம்மாள் வெளியே வந்து கையை ஆட்டினார். முருகன் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

மூணாவது கூப்பாட்டை வெட்டிடு, அலறலையும் வெட்டிடு என்றார் ஷமீம் அக்கா. அப்ப பேய் எப்பக்கா வரும் என்று கேட்டேன்.

"வராது. முருகன் நிக்கட்டும்."

இதுதான் கடைசி ட்ரையல். அலறல் இல்லாத எதையும் ஆப் ஓனர் ஓகே பண்ணினதே இல்லை. அரை மனசோடுதான் வெட்டினேன். ரெண்டு குரல், அப்புறம் காற்று, அதோடு முடிவு.

3. ஓனர் போன்

மறுநாள் ஓனர் கூப்பிட்டார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா, ஃபைல் பாதியில கட் ஆயிருக்குது. ஹெட்போன மாத்தி மாத்திக் கேட்டுட்டேன், மூணாவது வரவே இல்ல."

"எவ்ளோ நேரம் சார் காத்துக்கிட்டிருந்தீங்க?"

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி, இப்படியே போடு," என்று வைத்துவிட்டார்.

இப்போது புதிதாக எழுத வருகிற பசங்க, பேயை எப்படிண்ணா வர வைக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள். அது எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எதிரில் வேலையாக இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் கை எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவருக்குத் தைரியம் சொல்கிற வரி.