வசந்தாமணி டீச்சரின் இரண்டு டியூப் லைட்டுகள்

பேளுக்குறிச்சியிலிருந்து வசந்தாமணி டீச்சரின் மகள் போன் செய்தபோது நான் பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள். சாக்பீஸோடு வராந்தாவில் வந்து நின்றேன். கொல்லிமலைப் பள்ளியில் வசந்தாமணி டீச்சரோடு வேலை பார்த்தவர்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவரிடமே சொல்லியிருக்க வேண்டியது அது.

உயிரியல் ஆய்வகத்தில் அவர் வைத்திருந்த இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அதில் உப்புத் தண்ணீரும், தூத்துக்குடித் தோழி வளர்த்துப் பிரித்துக் கொடுத்த ஒரு மென்பவளமும் இருந்தன. காளான் போல இருக்கும், உள்ளங்கை அகலம்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தார். "நம்ம புள்ளைங்க கடலுக்கு எப்பப் போறது? ஒரு துண்டாச்சும் பாக்கட்டுங்க சார்" என்றார்.

அந்தப் பவளத்தின் சதைக்குள் பாசி வாழ்கிறது. வெளிச்சத்தில் பாசி சமைப்பதைத்தான் பவளம் தின்கிறது. அதனால் எந்த விளக்கு, எவ்வளவு உயரத்தில், எத்தனை மணி நேரம் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் வெள்ளை டியூப் லைட் ஒன்று, நீலம் ஒன்று. நான் இயற்பியல்காரன், சும்மா இருப்பேனா? "என்ன டீச்சர், கல்யாண ஊட்டு சீரியல் லைட்டா? இது எந்த மூலைக்குப் பத்தும்?" என்றேன்.

"தொட்டியே ஓரடி ஆழந்தானுங்க சார். நம்ம மலையில குண்டூர் நாட்டுல மொளகுக் கொடிய மர நெழல்லதானுங்க ஏத்தறாங்க. நம்ம கண்ணு கூசுனாத்தான் அதுக்குப் பசியாறுமா?"

அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஒரு வாரம் ஊருக்குப் போனார். சாவியை என்னிடம் கொடுத்து, "அது சுருங்கிப் போனாலும் பயந்துக்காதீங்க. பாம்பாட்டம் சட்டை உரிக்கும். நாலு நாள்ல விரிஞ்சுக்கும்" என்றார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் "ஆகட்டுங்க டீச்சர்" என்றேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

இரண்டாம் நாள் பவளம் சுருங்கிக் கிடந்தது. நான் சொன்னேனே, வெளிச்சம் பத்தவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆண்டு விழா மேடைக்கு வாங்கியிருந்த ஃபோகஸ் லைட்டைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேல் கட்டினேன். இரண்டு நாளில் தண்ணீர் குளிக்கிற வெந்நீர்ச் சூட்டுக்கு வந்துவிட்டது. பவளம் கூழாகி நாறியது. பாம்புச் சட்டை என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபோகஸ் லைட்டைக் கழற்றிவிட்டு அவருடைய டியூப் லைட்டுகளையே பழையபடி மாட்டினேன்.

திரும்பி வந்தவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார். எம்பட வெளிச்சம் பத்துலீங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடமும், "டீச்சர் வெளிச்சத்தக் கொறச்சு வெச்சுட்டேன் கண்ணுகளா, தப்பு என்னுதுதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் தொட்டியில் தண்ணீரே நிரப்பவில்லை. ஒரு தவளையை அறுக்கக்கூட, "இது சரிங்களா சார்?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். கோழை நான். ஒவ்வொரு முறையும் "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

காரியத்தன்று அவருடைய மகள் பீரோவின் மேலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். செய்தித்தாளில் சுற்றிய அந்த இரண்டு டியூப் லைட்டுகள். "அம்மா தூக்கிப் போடவே உடலீங்க சார். பத்தாத வெளிச்சம், பாத்துத் தனக்குப் புத்தி வரட்டும்பாங்க."

அவளிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். அவள் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவை இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. நீலம் எரியவில்லை. வெள்ளை எரிகிறது. போதுமான வெளிச்சம்தான், டீச்சர்.