வியாழக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டது

வத்தல்மலைக்காரியைச் சாகவிட்ட அன்று காலையில் எனக்கு உப்புமா கிளற மனம் வரவில்லை.

அவள் நான் எழுதிக்கொண்டிருந்த கதையில் வருகிறவள். மலைமேல் பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை போட்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அங்கன்வாடி வேலையில் ஓய்வு பெற்ற பிறகு பாப்பிரெட்டிப்பட்டி வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில். மற்றவர்கள் டிவியைப் போட்டுவிட்டு உட்காருவார்கள், நான் செல்போனில் கதை தட்டினேன். எனக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது, அவள் வந்தாள். அவ்வளவுதான்.

"ஆப்ல போடும்மா, காசு தர்றாங்க" என்பான் மகன்.

"காசு வாங்கினா எவனாவது வந்து அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைம்பான். போடா" என்பேன்.

சிரிப்பான். ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னதில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்தது.

கதை அவளைக் காய்ச்சலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டது. வெளியே அடைமழை, பஸ் இல்லை. நானும் விடவில்லை. கஷாயம் கொடுத்துப் பார்த்தேன், எங்கிருந்தோ ஒரு ஜீப்பை வரவழைத்துப் பார்த்தேன். எழுதிப் படித்தால் எல்லாம் புளுகாகத் தெரிந்தது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன செய்யப்போகிறேன் என்ற பயத்தில்தான் இழுத்தடித்தேன். கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் எழுதி முடித்தேன். அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. செத்தவள் செத்தவள்தானே என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன்.

எதிர் வீட்டுக்காரி கொட்டை எடுக்கப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நான் எந்நேரமும் போனை நோண்டுகிறவள் என்று அவளுக்கு என்மேல் ஓர் இளக்காரம் உண்டு. வெள்ளியும் இல்லாமல் செவ்வாயும் இல்லாமல் என் தலை ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருங்கக்கா தவறிட்டாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தன் வீட்டுக்குள் போய் ஒரு தூக்கில் ரசம்சோறு கொண்டுவந்தாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? என் வீட்டுக்குள் வந்து தரையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவரின் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"கதையில்தான் செத்தாள்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். ஊரே சிரித்திருக்கும்.

"நெருங்கின சொந்தமாக்கா?"

"ஆமாங்க" என்றேன். "வத்தல்மலைல இருந்தா."

பிறகு நிறுத்த முடியவில்லை. டீக்கடையைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், வராத பஸ்ஸைச் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அய்யோ பாவம், கூட ஒருத்தர் இல்லாமயா போச்சு உசுரு" என்றாள். என் கதைக்கு முதல்முதலாக ஒருத்தி அழுகிறாள். அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட முடியாத நிலையில் இருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"ஒரு போட்டோ இருந்தா காட்டுங்கக்கா. மொகத்தப் பாத்துக்கறேன்."

"போட்டோ இல்லைங்க" என்றேன். அன்று அவளிடம் சொன்னதில் அது ஒன்றுதான் கலப்பில்லாத உண்மை. அவள் தெருவைத் தாண்டிப் போன பிறகு, எனக்கும் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது.