ராசியான கணினி

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது ஓர் இதரை வாழைக்குலைக்கு மாற்றாக. கொடிகாமத்தில் பழைய சாமான் விற்கும் ஒருவர் அப்பாவிடம் வழமையாக வாழைக்குலை வாங்குகிறவர். யாரோ கழித்துவிட்ட பெட்டியொன்று அவரிடம் கிடந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். குலையை இறக்கிவிட்டு, பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் வாழைநாரால் கட்டிக்கொண்டு நீர்வேலிக்கு வந்து சேர்ந்தார்.

அதன் நினைவகம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு மெகாபைற். இன்றைக்குக் கையிலிருக்கும் மலிவான போனில்கூட அதைவிடப் பல மடங்கு இருக்கும். நான் அதிலிருந்ததை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். இயந்திரம் எழும்பியது. ஆனால் எல்லோரும் பாவிக்கும் பெரிய உலாவி ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் அம்மா உலை வைத்துச் சோறு வடித்துவிடுவார். தேடித் தேடிக் கடைசியில் ஓர் இலேசான உலாவியைப் பிடித்தேன். அது சொடுக்கிய கையோடு திறந்தது. பக்கங்களில் உள்ள ஆடம்பரம் எதையும் அது காட்டாது. பக்கத்துக்குள் ஓடும் சின்னச் சின்ன நிரல்களை அது ஓட்டாது. எழுத்து வரும், இணைப்பு வரும், நிரப்புவதற்குக் கட்டங்கள் வரும். பாடங்களை வாசிக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எனக்குத் தெரிந்ததை நாலு பேருக்கு முன்னால் சொல்லாமல் இருக்க முடியாது. சந்தியில் ஒரு கொமினிக்கேசன் கடை இருக்கிறது. படப்பிரதி எடுப்பதும் விண்ணப்பங்கள் அனுப்புவதும் ஊரில் எல்லோருக்கும் அங்கேதான். ஒருநாள் அந்தக் கடைக்கார அண்ணை என் கணினியைப் பற்றி விசாரித்தார்.

"உந்தப் பழசை இன்னும் வைச்சிருக்கிறீரோ? கோழி அடைகாக்க நல்ல பெட்டி."

"உங்கடை மெஷின் கண் முழிக்க முதல் என்ரை மெஷின் வாசிச்சு முடிச்சிடும் அண்ணை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு எதிராக இருந்ததில் எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமியிடம் சொன்னார்.

மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. பக்கத்து வளவில் குடியிருப்பவர். மாமியும் மகளும் எங்களைப் போலவே வாழைத்தோட்டத்தில் நின்று சீவிக்கிறவர்கள். மகளை நான் அக்கா என்பேன். உயர்தரம் படித்துவிட்டு வீட்டு நிலைமையால் நின்றுபோனவர். அந்த வருடம் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். வயதெல்லையின்படி அக்காவுக்கு அதுதான் கடைசி வருடம். விண்ணப்பத்தை இணையத்தில்தான் அனுப்பவேண்டும். கொமினிக்கேசனுக்குப் போகப் புறப்பட்ட அக்காவை மறித்தது நான். நான் இருக்க அங்கே ஏன் போகவேண்டும் என்று கேட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு உட்கார்ந்தோம். அக்காவின் அடையாள அட்டை இலக்கம், பரீட்சைப் பெறுபேறுகள், சான்றிதழ்களின் பிரதிகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக நிரப்பினேன். கடைசிப் பக்கம் வந்து, அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும்போது மாமி என் கையைப் பிடித்துவிட்டார்.

"பொறு பிள்ளை. பத்தரை ஆச்சுது. ராகு காலம் முடியட்டும்."

ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டுச் சும்மா வைத்திருந்தால் அந்தப் பக்கத்தை அனுப்புகிற தளம் நம்மை மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைப் படிக்கத்தான் நான் பல்கலைக்கழகம் போகிறேன். ஆனால் மாமி கையில் விபூதித் தட்டு இருந்தது. அம்மா பெட்டியின் தலையில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். மறுத்துப் பேசினால் படித்த திமிர் என்பார்கள். உண்மையைச் சொன்னால், என்னிடம் ஒரு காரியம் கேட்டு இரண்டு வீடும் காத்திருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிவரை இருந்தோம்.

பன்னிரண்டு அடித்ததும் மாமி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். திரை வெள்ளையானது. பிறகு முதல் பக்கம் வந்தது. அடையாள அட்டை இலக்கத்தை இடும்படி கேட்டு ஒரு வெறுங்கட்டம். வரவேண்டிய பதிவு இலக்கம் வரவில்லை. காத்திருந்ததால் தளம் எங்களை மறந்ததா, என் உலாவி ஓட்டாத நிரல் ஏதாவது அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகவில்லை என்பது மட்டும் அந்தக் கணமே தெரியும்.

"போயிட்டுதோ பிள்ளை?" மாமி கேட்டார்.

"ஓம் மாமி. போயிட்டுது."

அதைச் சொன்ன வேகத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாய் தானாகத் திறந்தது. பின்னால் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்க்காமல், இலக்கம் பிறகு மின்னஞ்சலில் வரும் என்று ஒரு விளக்கமும் சேர்த்தேன். உலாவியை மூடினேன். மாமி என் நெற்றியில் விபூதி பூசினார்.

முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை இருந்தது. யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் ஆளில்லாத நேரங்களில் திரும்பத் திரும்ப முயன்றேன். அதே உலாவியை வேறொன்று போலக் காட்டிக்கொள்ளச் செய்து பார்த்தேன். இன்னும் இரண்டு இலேசான உலாவிகளை இறக்கிப் பார்த்தேன். ஒன்று கடைசிப் பக்கம்வரை போய் நின்றது, மற்றது இரண்டாம் பக்கத்திலேயே குழம்பியது. பெரிய உலாவியைத் திறந்தால் வன்தட்டு கறகறவென்று அரைத்துவிட்டுத் திரை உறைந்துபோனது. பல்கலைக்கழகத்தில் நல்ல கணினிகள் இருந்தன. ஆனால் அங்கே போய் இதைச் செய்தால் என் பெட்டி தோற்றதாகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். வெளியே சொல்லக் கூசும் பிடிவாதம். ஒருத்தியின் சீவியம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமி தினமும் வேலியடியில் வந்து மின்னஞ்சல் வந்ததா என்று கேட்பார். வரும் என்பேன். அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்கு என்மீது அவ்வளவு நம்பிக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசி நாள் மத்தியானம் சான்றிதழ்ப் பிரதிகள் இருந்த பென்ட்ரைவை எடுத்துக்கொண்டு, அக்காவுக்குச் சொல்லாமல், சந்திக் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். என் முறை வந்ததும் பென்ட்ரைவைச் செருகிவிட்டு, அக்காவின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிய துண்டை நீட்டினேன். அண்ணை தட்டினார். உடனே சிவப்பெழுத்தில் ஒரு வரி வந்தது. இந்த அடையாள அட்டைக்கு ஏற்கனவே விண்ணப்பம் கிடைத்துள்ளது என்று. பக்கத்துக்குள் ஓடும் நிரல் காட்டும் வரி அது, என் இலேசான உலாவிகள் ஒருநாளும் காட்டாதது.

அப்படியானால் அன்றைக்கே போயிருக்கிறது. இரண்டு கிழமையாக நெஞ்சில் கிடந்தது இறங்கிய வேகத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி சிரித்தேன்.

"பாத்தீங்களே அண்ணை, கோழிப்பெட்டி எண்டியள். அதிலைதான் போயிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பி, விண்ணப்பம் கிடைத்த நாளை விரலால் காட்டினார். சனிக்கிழமை காலை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தங்கச்சி, இது நான் அனுப்பினது. அடுத்தநாள் கடை திறக்கேக்கையே அந்தப் பிள்ளை வந்து நிண்டவ. உமக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவ."

ஏதாவது நக்கல் சொல்லியிருக்கலாம், எனக்கு அது உதவியாக இருந்திருக்கும். அடுத்த ஆளிடம் கையை நீட்டினார். நான் பென்ட்ரைவைக் கழற்ற மறந்து வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போய், எல்லோரையும் விலக்கிக்கொண்டு அதைக் கழற்றி எடுத்து வந்தேன்.

அக்கா தோட்டத்தில் காய்ந்த வாழைச்சருகு வெட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"கடைக்குப் போனனியோ?"

"ஓம்."

"நான் உனக்குப் பின்னாலைதானே நிண்டனான். திரும்ப முதல் பக்கம் வந்ததைக் கண்டனான்."

"அப்ப ஏனக்கா அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்."

கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த வாழைக்குப் போனார். இரண்டு கிழமையாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது மின்னஞ்சலை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. இப்போது பயிற்சி விடுதியில் இருக்கிறார். கடிதம் வந்த அன்று மாமி ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கணினிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பழத்தைப் பார்த்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மாமி ஊரெல்லாம் சொல்லி, அது ராசியான மெஷினாகிவிட்டது. நாள் பார்த்து, நேரம் பார்த்து விண்ணப்பங்களோடு ஆட்கள் வருகிறார்கள். இது வாசிக்கத்தான் உதவும், அனுப்ப உதவாது, கொமினிக்கேசனுக்குப் போங்கள் என்கிறேன். படித்த பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று போகிறார்கள். சிலரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். கடைக்கார அண்ணை ஒன்றும் கேட்பதில்லை. அவர்களின் அடையாள அட்டையை வாங்குகிறார்.

இதையும் அந்தப் பெட்டியில்தான் தட்டுகிறேன். எழுத்துக்கு அது இன்னும் நல்ல இயந்திரம். மாமிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், இவ்வளவையும் தானாக வாசிக்க முடியாது. யாராவது வாசித்துக் காட்டவேண்டும். அம்மாவும் அப்பாவும் மாமியைப் போலத்தான். அக்கா விடுதிக்குப் போனபிறகு இந்த இரண்டு வளவிலும் வாசித்துக் காட்டக்கூடிய ஆள் நான் மட்டும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கிறது.