சொல்லில்லாத எட்டுப் பக்கங்கள்

அந்த எட்டுப் பக்கங்களைக் கிழித்தவன் நான். மழை இல்லை, அச்சகம் இல்லை, கடைக்காரர் இல்லை... நான்! கிழித்து, வெந்நீர் அடுப்பில் செருகி, எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

இருபத்தேழு வருஷம். ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் காரணமாக இருக்கும். தெரிந்தவர்கள் முன்னால் இன்னும் வாய் திறக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகும் வழியில். அந்த நாளில் ஒரு சித்திரக்கதை மாதம் ஒருமுறை ஹட்டன் புத்தகக் கடைக்கு வரும். நான் பஸ் ஏறிப் போய் எடுத்து வருவேன். மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே பிரதி. பன்னிரண்டு பாகம் ஓடிய மாயக்கதை அது. மனிதர்களின் குரல்களை விழுங்கிவிட்ட பனிப்பூதத்தைத் தேடி, ஏழு வாசல்களைத் தாண்டி மலை ஏறுகிறாள் ஒரு சிறுமி. பெயர் தூவானி.

எழுதியவர் சென்னையில் இருந்த ஒரு பெண். அட்டையில் பெயர் இருந்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. கதைக்காரம்மா என்பார்கள், அடுத்த காம்பராவில் குடியிருப்பவரைச் சொல்வதுபோல! புத்தகம் ஒரு வாரம் பிந்தினால், "கதைக்காரம்மாவுக்கு மேலுக்கு முடியலையோ என்னவோ" என்று கவலைப்படுவார்கள். காளி கோயிலில் அவருக்கு ஒரு அர்ச்சனைகூட நடந்தது. நட்சத்திரம் தெரியாமல் ஐயர் திண்டாடியது தனிக் கதை.

வாசிப்பு புள்ளமடுவத்தில். கொழுந்துக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். பிள்ளைகளின் குட்டி வாங்குகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். நான் நின்று வாசிப்பேன். உயர்தரம் வரை படித்தவன், கவிதை எழுதுகிறவன், இருபத்துமூன்று வயது... தலை எவ்வளவு கனத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பூதத்துக்கு ஒரு குரல், தூவானிக்கு ஒரு குரல், வாசல் காக்கும் கிழட்டு ஆந்தைக்கு ஒரு குரல். எல்லாம் நானே.

"கவிஞரே, பூதம் ரொம்ப இலக்கணமாப் பேசுதே. நடுவுல நீங்க ஏதும் ஊத்திவிடுறீங்களா?" என்பான் வேலு. அப்போது தொழிற்சாலையில் இலை வாட்டுகிறவன்; இன்று ஆட்டோ ஓட்டுகிறான்.

"வாயை மூடுங்க வேலண்ணே! புள்ள ஆறாவது வாசல்ல நிக்குது, இவருக்குப் பகிடி!"

அதுதான் செல்வராணி. கொழுந்தெடுக்கிறவள். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த வாரத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவது வயிற்றில் ஆறு மாதம். அவளை ஏழு வயதில் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தினார்கள். திரும்பப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒவ்வொரு வாசிப்பும் முடிந்ததும் என்னிடம் வருவாள், வயிற்றில் கையை வைத்தபடி.

"அண்ணே, அந்தப் புள்ள பொழைச்சுக்கிரும்ல?"

"பார்ப்போம்" என்பேன், எனக்கு எல்லாம் தெரியும் என்கிற முகத்தோடு.

பன்னிரண்டாம் பாகத்தை ஹட்டன் பஸ் நிலையத்திலேயே பிரித்துவிட்டேன். ஏழாவது வாசல் வரை வழக்கம்போல் பேச்சு. அதன் பிறகு... ஒரு சொல் இல்லை! எட்டுப் பக்கங்கள், வெறும் படம். தூவானி தன் பைக்குள்ளிருந்து குரல்களை ஒவ்வொன்றாகப் பள்ளத்தாக்குக்குத் திறந்துவிடுகிறாள். கீழே வாய்கள் திறக்கின்றன. பை வெறுமையாகிறது. அவளுடைய கைகள் வெளுக்கின்றன, தோள் வெளுக்கிறது, முகம் வெளுக்கிறது. கடைசிப் பக்கத்தில் மலைமேல் பனி. அவள் இல்லை. அவள்தான் அந்தப் பனி.

இப்போது நீங்கள் நினைக்கிறீர்கள்: பாவம், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இதை எப்படிக் காட்டுவது என்று இரக்கப்பட்டுக் கிழித்திருக்கிறான். அப்படித்தானே? நானும் எனக்கு அதையே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்! கேட்டால் யாருக்கும் கண் கலங்கும்.

பொய்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த எட்டுப் பக்கங்களை நான் பார்த்தபோது எனக்குள் மூண்டது இரக்கமில்லை, கோபம். இதில் நான் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது? புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக நிற்க வேண்டியதுதான். செல்வராணி தானே புரட்டுவாள். தானே விளங்கிக்கொள்வாள். என்னை யாரும் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை... பதினொரு மாதம் நின்று தொண்டை கிழிய வாசித்தவனை, முடிகிற நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே கதைக்காரம்மா!

செல்வராணியின் வயிறு பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. வசதியாக வந்தது.

ஞாயிறு மத்தியானம் புள்ளமடுவத்தில் எழுந்து நின்று, "பின்பக்கமெல்லாம் மழையில ஊறிக் கிழிஞ்சு போச்சு. நல்லகாலம், அதுக்கு முந்தியே பஸ்ஸுல வாசிச்சுட்டேன். சொல்றேன், கேளுங்க" என்றேன்.

சொன்னேன். ஏழாவது வாசலில் பூதம் கேட்கிறது: 'எல்லாக் குரலையும் கொண்டு போ, உன் குரலை மட்டும் விட்டுவிட்டுப் போ.' தூவானி வாய் திறக்கிறாள். பையிலிருக்கும் அத்தனை குரல்களிலும் ஒரே நேரத்தில் பாடுகிறாள். இதில் எது அவளுடையது என்று பூதத்துக்குப் பிடிபடவில்லை. திகைத்து நிற்கிறது. அவள் இறங்கி வருகிறாள், வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்குத் தப்படிக்கிற நேரத்தில், வெயிலோடு.

பெரட்டும் தப்பும் சென்னை அம்மா எங்கே கண்டார்? அதைக்கூட யாரும் கேட்கவில்லை. அழுதார்கள். வேலு மூக்கைச் சிந்தினான். செல்வராணி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"கதைக்காரம்மா நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

அந்தக் கும்பிடு என்னைத் தாண்டிச் சென்னைக்குப் போவதைப் பார்த்து எனக்கு எரிந்தது. கேவலம்... திருடிய பொருளைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாத திருடனின் எரிச்சல்.

மூன்று மாதத்தில் பெண் பிள்ளை பிறந்தது. தங்கியது. திரும்பி வந்தவளின் பெயரை வைத்தார்கள். பதிவுக்காரர் இது என்ன பெயர் என்று மூன்று தரம் கேட்டு எழுதினாராம். என் முடிவு வாய்வழியாக மலை தாண்டியது. பக்கத்துத் தோட்டங்களிலும் இரண்டு தூவானிகள் பிறந்தார்கள்.

நான் கொழும்புக்குப் போனேன். எந்த வேலையிலும் தங்காமல், எந்த அறையிலும் தங்காமல் அலைந்து, கூந்தல் போல நீண்ட வாக்கியங்களில் இரண்டு சிறு புத்தகங்கள் எழுதி, நரை விழுந்தபின் திரும்பி வந்தேன். செல்வராணியின் மகள் தூவானி அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

போன வருஷம் பன்னிரண்டு பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தன. கதைக்காரம்மாவே ஹட்டனுக்கு வருகிறார் என்றார்கள். தோட்டம் கொள்ளாத சந்தோஷம். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

தூவானி தொகுப்பை வாங்கி, ஒரே நாளில் முடித்துவிட்டு, என் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இதுல வேற மாதிரி இருக்கு. அவ திரும்பி வரவே இல்ல."

சொல்லியிருக்கலாம். அவளும் நானும்தான் இருந்தோம். சொன்னேனா?

"புதுப் பதிப்புல மாத்திட்டாங்க போல, புள்ள."

எத்தனை சுலபமாக வந்தது! அவள் முகம் சிவந்துவிட்டது. "அது எப்படி மாத்தலாம்? நேராவே கேக்குறேன்."

கூட்டத்தன்று ஹட்டன் மண்டபம் வழிந்தது. வேலு தன் ஆட்டோவின் இரண்டு பக்கமும் ஏழு வாசல்களைத் தீட்டிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான். கதைக்காரம்மா எழுபதைத் தாண்டிய மெலிந்த அம்மாள். குளிரில் நடுங்கியவருக்கு, ஒருத்தி தான் பின்னிய கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டாள். தேயிலைப் பொட்டலங்கள் மேசையில் குவிந்தன. மூன்று தூவானிகளையும் வரிசையாக நிற்க வைத்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் ஒருத்தியத்தானே எழுதினேன்!"

அப்போது எங்கள் தூவானி மைக்கை வாங்கினாள். "அம்மா, ஒரு கேள்வி. முடிவை ஏன் மாத்துனீங்க? எங்க ஆளுங்க கேட்ட கதையில இவ உயிரோட திரும்பி வந்தா. அதுக்காகத்தான் எனக்கே இந்தப் பேரு. இந்தப் பொஸ்தகத்துல பனியாப் போயிடுறாளே."



"மாத்தலையேம்மா..." என்றார் அவர் குழப்பத்தோடு.

"என்னா புள்ள சொல்ற நீ?" செல்வராணி எழுந்துவிட்டாள். "பனியாவாவது! அவதான் வந்துட்டாளே!" மைக் இல்லாமலே சொல்லத் தொடங்கினாள். பூதத்தின் கேள்வி, அத்தனை குரலிலும் பாடியது, வெயில், தப்பு... ஒரு சொல் சிந்தவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் மூச்சு வாங்கிய இடங்களில் அவளும் மூச்சு வாங்கினாள்.

கதைக்காரம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்:

"இதை யாரும்மா உங்களுக்கு வாசிச்சது?"

"அந்தா, தூணுக்குப் பக்கத்துல நிக்கிறாரே, எங்க அண்ணன்!" என்ன பெருமை அந்தக் குரலில்!

அவர் என்னைப் பார்த்தார். எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மைக் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. மூன்றே அடி! என் கால் அசையவில்லை.

"ஓ... அதுவா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அப்போ நான் ரெண்டு முடிவு வச்சிருந்தேன். உங்க ஊருக்கு அது வந்திருக்கு. உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கு, வேற யாருக்கும் அது கிடைக்கல."

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. என்னை யாரென்றே அறியாதவர், என் பொய்யைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அந்த ஜனங்கள் தன்மேல் வைத்த பிரியம் சிந்திவிடக் கூடாது என்றா? செல்வராணி சபையில் பொய்க்காரி ஆகிவிடக் கூடாது என்றா? நான் அவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. அவர் தந்த கதைக்கு, அந்தப் பெயருக்கு, அன்று என்னைக் காட்டிக் கொடுக்காததற்கு... நன்றி, நன்றி. சொல்லும்போதே நாக்கு கூசுகிறது.

கையெழுத்து வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். என் பிரதியை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"உங்க முடிவு நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னோடதையும் காட்டியிருக்கலாம். தாங்கியிருப்பாங்க."

கோபமில்லை அதில். அதுதான் இன்னும் குத்துகிறது. இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு அடுத்த கிழமை மலைக்கு ஏறிக் கூடை நிறைத்தவள்... அவள் தாங்கமாட்டாள் என்று முடிவு செய்ய நான் யார்?

திரும்பும் பஸ்ஸில் தூவானி என் பக்கம் சாய்ந்து, "ரெண்டு முடிவு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றாள். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு செல்வராணி கூப்பிட்டு அனுப்பினாள். மடியில் தொகுப்பு. கடைசிப் பக்கங்களில் ஒரு தேயிலைக் குச்சியை அடையாளம் வைத்திருந்தாள்.

"உக்காருங்கண்ணே. இன்னைக்கு நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க."

விரலை வைத்து, படம் படமாக வாசித்தாள். "இந்தா பாருங்க, ஒவ்வொரு சத்தமா அவுத்து விடுறா. இது ஒரு கிழவனோட சத்தம், வாயைப் பாத்தாத் தெரியுது. இது கைப்புள்ளயோடது... இங்கன பைய உதறுறா, ஒண்ணுமில்ல. கை வெளுத்துப் போச்சு. ஆனா அவ பயப்படலண்ணே, மூஞ்சியப் பாருங்க, பயமே இல்ல." நான் பார்த்தேன். உண்மைதான். அன்று பஸ்ஸில் நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை!

கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள், ஐம்பதை நெருங்குகிறவளின் முகத்தில் பரீட்சை எழுதி வந்த பிள்ளையின் சிரிப்பு.

"ஒருத்தர் சொல்லித் தராம நானா வாசிச்சதுண்ணே, என் ஆயுசுக்கும் இந்த எட்டுப் பக்கந்தான். அன்னைக்கே இது நம்ம ஊருக்கு வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்! ஆசை வந்து மிச்ச எழுத்தையும் படிச்சிருப்பேனோ என்னவோ."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நம்புகிறவள் எப்படிச் சொல்வாள்? என் வாய்க்குள் அந்த வாக்கியம் முழுசாக உருண்டு நின்றது. வந்துச்சு செல்வராணி, வந்துச்சு...

"இன்னொரு தரம் வாசிக்கட்டுமாண்ணே?"

"வாசி" என்றேன்.