இடது முன்சக்கரத்தின் கீச்சு

நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் இல்லை. என் வலது உள்ளங்கைத் தழும்பைக் காட்டி யாரையும் நம்பவைக்கும் தெம்பு இப்போது எனக்கில்லை. ஆனால் இது நடந்தது.

என் பெயர் அழகர். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்சந்தில், இருபத்திரண்டு வருஷமாக பிரேக் வேலை மட்டும் பார்க்கிறேன். போன ஜூலை, புதன்கிழமை, மாலை 4.10. கொட்டுகிற மழையில், என்னிடம் வழக்கமாக வரும் பையன் ஷாஜி ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பழைய வண்டி, அவன் வாங்கி ஒரு வாரம்தான். பிரேக்கைத் தொட்டாலே இடது முன்சக்கரம் கீச்சிட்டது.

“ரோட்டுல ஆளுக சிரிக்குது அண்ணா. நாளைக்கு அம்பிளியக் கூட்டிட்டு இடுக்கி போணும். கல்யாணம் கழிஞ்சு முதல் டூர். இன்னிக்கே சரியாக்கித் தா.”

“சாயா குடிச்சிட்டு வா. பாக்கறேன்.”

கீச்சுச் சத்தம் பெரிய வியாதி இல்லை. சூட்டில் பிரேக் பேட் வழவழத்துப் போனால், அது கவ்விப் பிடிக்கும் சக்கர டிஸ்க்கோடு சேர்ந்து அதிரும். அந்த அதிர்வுதான் சத்தம். கழற்றினேன். பேட் நல்ல தடிமனாகவே இருந்தது. உப்புத்தாளில் தேய்த்து, ஓரங்களைச் சரித்து, முதுகில் கிரீஸ் தடவி மாட்டினேன். படகு ஜெட்டி வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போயிருந்தது.

திரும்பும்போது 5.20. போல்ட் இறுக்கத்தை இன்னொரு தரம் பார்க்கலாமென்று ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினேன். இஞ்சின் ஆஃப். சாவி என் சட்டைப்பையில்.

5.32.

கீ...ச்!

சக்கரமே இல்லை. டிஸ்க் சுற்றவில்லை. அப்புறம் எங்கிருந்து...?

கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. பிரேக் பெடல் தானாக இறங்கியது.

டக்.

டக்.

டக்.

பிறகு நீளமாக... கீ...ச்... பேட் கருகும் வாடை. என்ன நினைத்தேனோ, டிஸ்க்கைப் பிடித்துவிட்டேன்.

தோல் ஒட்டிக்கொண்டது.

சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்தது.

ஆறு மணிக்கு ஷாஜி வந்தான். அதற்குள் டிஸ்க்கில் ஒட்டிய தோலைச் சுரண்டித் துடைத்து, சக்கரத்தை மாட்டியிருந்தேன். சத்தம் நின்றால் வேலை முடிந்தது, இதுதான் எங்கள் தொழில் புத்தி. வழக்கம்போல வண்டியை நகர்த்தி, நாலு தரம் பிரேக் மிதித்துக் காட்டினேன். சின்ன முனகல்கூட இல்லை.

“கைல என்னா அண்ணா?”

“சைலென்சர் சுட்டுடுச்சு.”

சொல்லியிருக்கலாம். சிரிப்பானே என்று பயந்தேன். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் மலை வளைவில் வண்டி கவிழ்ந்தது. ஷாஜி போய்விட்டான். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அம்பிளியைப் பார்த்தேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு தரம் பிரேக்கச் சவிட்டினாரு அண்ணா. நிக்கல. ஒரு சத்தம்கூட வரல.”

“எத்தன மணிக்கு?”

“அஞ்சு முப்பத்திரெண்டு. வண்டி மணியத்தான் பாத்துட்டிருந்தேன்.”

வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர், பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதினார். ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லையாம். இடது முன் டிஸ்க்கில் ஒரு உள்ளங்கைத் தோல், ரேகை அழியாமல் வெந்து ஒட்டியிருந்தது.

அந்த மூன்று மிதியில் பேட் ஒரு தரம் பிடித்திருந்தாலும் அது அழிந்திருக்கும்.