கில்கில்: மாவு மலையடியில் ஒரு படைநகரம்

வெள்ளிக்கிழமை, இத்தாலியின் பலெர்மோ விமான நிலையம். என் எசமானி சிஞ்ஞோரா ரோசாவின் பெட்டியில் இருந்ததெல்லாம் கோடை உடுப்பு. அவருக்கு வயது எழுபத்தெட்டு. பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் உள்ள அவர் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன்.

அவருடைய தகப்பன் பேக்கரியில் பாண் சுடுகிறவர். இரண்டாம் உலகப்போரில் எத்தியோப்பியாவில் பிரித்தானியரிடம் பிடிபட்டு, கென்யாவின் கில்கில் என்ற சிற்றூரில் கைதியாக இருந்தார். திரும்பி வந்து அவர் சொன்ன கதைகளை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குளிரில் நடுங்கினாராம். மாவைக் குவித்ததுபோல் ஒரு மலையாம். ரோசாப்பூ நிறத்தில் ஏரியாம். சிஞ்ஞோராவின் தம்பி இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சிரிப்பார். அது சிஞ்ஞோராவுக்குப் பொறுக்காது. நேரில் பார்த்துவிடுவதென்று துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஆனாலும் குளிரை மட்டும் அவரே நம்பவில்லை போலும். ஒரு கம்பளிச் சட்டைகூட எடுக்கவில்லை.

வழியனுப்ப வந்த என் கணவருக்குத்தான் மனமில்லை.

"ஆமி ஊராம். ஆமிக்குப் பயந்துதானே யாழ்ப்பாணத்திலையிருந்து ஓடி வந்தனாங்கள். நீர் தேடிப் போறீரோ?"

"ஓம், போறன். சிஞ்ஞோராவைத் தனிய விடேலுமே?" என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர, கடவுச்சீட்டு கைப்பையில் இருக்கிறதா என்று மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

சனிக்கிழமை. நைரோபியிலிருந்து வடமேற்கே சுமார் நூற்றிருபது கிலோமீற்றர். சாரதியின் பெயர் கமாவு. சுவாகிலியில் தாயை 'மாமா' என்பார்கள். அவர் சிஞ்ஞோராவை 'மாமா, மாமா' என்று கூப்பிட்டபோதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பேசியது ஆங்கிலம், சிஞ்ஞோரா பேசியது இத்தாலியன், நடுவில் மொழிபெயர்ப்பு நான். நான் எழுதும் இதில் எல்லாரும் என் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள்.

ஓரிடத்தில் தரை சட்டென்று இறங்கியது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. அதற்குள் இறங்கும் சாலையை அந்தக் காலத்தில் இத்தாலியக் கைதிகள் போட்டார்கள். அடிவாரத்தில் அவர்கள் கட்டிய சிறிய தேவாலயமும் இருக்கிறது. ஒரு டசின் பேர் இருந்தால் நிறைந்துவிடும். சிஞ்ஞோரா அதன் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

கில்கில் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றரளவு உயரத்தில் இருக்கிறது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கிப் போன ரயில்பாதைதான் அதை ஊராக்கியது. பாதை போட்டவர்களில் ஏராளமானோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பிறகு வெள்ளைக்காரரின் பண்ணைகள் வந்தன, போர் வந்தது, கைதிகள் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கென்ய இராணுவத்தின் முகாம்கள். இன்று கடைத்தெருவில் கோவா, அதாவது முட்டைக்கோசு, விற்பவர்களுக்கு இராணுவக் குடும்பங்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்.

ஞாயிறு விடியற்காலை என்னைத் தட்டி எழுப்பியது சிஞ்ஞோராவின் கூச்சல். விடுதி முற்றத்தில் இரண்டு போர்வைகளைச் சுற்றிக்கொண்டு நின்றார். பற்கள் கிடுகிடுத்தன.

"வதனா, குளிருது! அப்பா பொய் சொல்லேல்லை!"

அந்த நேரத்திலேயே தம்பியைத் தொலைபேசியில் எழுப்பினார். தம்பி திட்டியது எனக்கும் கேட்டது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கமாவு எங்களைப் பக்கத்திலுள்ள கரியாண்டுசி என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். மண் வெட்டியெடுக்கும் கிடங்கில் மலையே வெள்ளைவெளேரென்று நின்றது. முன்னொரு காலத்து ஏரியின் அடியில் படிந்த நுண்பாசிகளின் மிச்சம் அது. சிஞ்ஞோரா ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்தார். "முதல்தரக் கோதுமை மா," என்றார், பாண்காரரின் மகள் அல்லவா! அங்கிருந்து சற்றுத் தூரத்தில் எல்மென்டெய்ட்டா ஏரி. கரையோரம் முழுக்கப் பூநாரைகள். அவற்றின் நிறத்தில் ஏரியே ரோசா நிறமாகத்தான் தெரிந்தது.

மிஞ்சியது கைதிமுகாம் இருந்த இடம். அது இப்போது படைமுகாமுக்குள் இருக்கவேண்டும் என்றார் கமாவு. "போனை உள்ளை வையுங்கோ. படம் எடுக்கக் கூடாது."

வாசலில் துப்பாக்கியோடு ஓர் இளம் சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினான். அவன் கேட்கும் முன்பே என் கை கடவுச்சீட்டை எடுத்து நீட்டிவிட்டது.

"வேண்டாம் அம்மா, வையுங்கோ," என்றான். "உள்ளை விடேலாது. என்ன விசயம்?"

சொன்னேன். தட்டுத்தடுமாறி, பாண்காரரின் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அந்தக் கைதிகள் போட்ட றோட்டாலைதான் லீவிலை வீட்டை போறனான். அவவின்ரை அப்பாவுக்கு நான் நன்றி சொன்னதெண்டு சொல்லுங்கோ."

மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோரா அழுதார், உடனேயே சிரித்தார். அவன் காவலறையிலிருந்து கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அவருக்கு மரநிழலில் போட்டான்.

அப்போது மதிலுக்குப் பின்னால் இராணுவ வாத்தியக் குழு பயிற்சியைத் தொடங்கியது. அணிவகுப்பு இசை என்று நினைத்தேன். இல்லை, ஏதோ கல்யாண வீட்டுப் பாட்டுப்போல் ஒரு துள்ளல். சிஞ்ஞோரா கதிரையை விட்டு எழுந்து கமாவுவின் கையைப் பிடித்தார். புழுதிச் சாலையில் இருவரும் ஆடினார்கள். கோவாக் கூடையோடு போன பெண்கள் நின்று கைதட்டினார்கள். சிப்பாய் விறைப்பாக நிற்கத்தான் பார்த்தான், காலில் சப்பாத்து மட்டும் தாளம் போட்டது. சற்று நேரத்தில் நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் படைமுகாம்களைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு, பின்னால் யாரும் கூப்பிடக் கூடாதே என்று நடந்தே எனக்குப் பழக்கம். கில்கில் முகாம் மதில் கண்ணுக்கு மறையும்வரை கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.