தானாக ரொப்பிக்கொள்ளும் துப்பாக்கி

செங்கல்பட்டில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. போன தை மாதம் அக்கா மகளையும் அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையையும் படம் எடுக்க மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமாவோடு பட்டாளத்தில் இருந்த நண்பரும் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்து வேனில் ஏறிக்கொண்டார். எங்கள் வீட்டு விசேஷம் எதையும் அவர் தவறவிட்டதில்லை.

மாமாவுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. எல்லையில் எதிரி சுட்டதில் போனவை என்றுதான் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே நான் என்னைச் சுற்றி நாலு பேரைச் சேர்த்திருக்கிறேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிலிம் போடும் பழைய எஸ்எல்ஆர் கேமராவில் இரண்டு படமாவது வேண்டும் என்று அக்கா மகள் கேட்டிருந்தாள். நான் தண்ணீருக்குள் நின்றபடி கத்தினேன்.

"மாமா, பையில எஸ்எல்ஆர் கீது. லோடாகி கீதான்னு பாரு!"

மாமா பைக்குள் கையை விட்டார். நண்பர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடுங்கி இழுத்தார்.

"தொடாதடா! உள்ள கீதுடா! கைய எடு!"

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். நானும்தான். ஆனால் நண்பர் அப்படியே மணலில் குந்திவிட்டார். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எங்க துப்பாக்கிக்கும் அதான் பேரு தம்பி," என்றார் என்னிடம். "செல்ஃப் லோடிங் ரைஃபிள். அதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? ஒரு குண்டு போனா அடுத்தது தானா வந்து குந்திக்கும். நாம ரொப்பத் தேவையில்ல. பயிற்சியில சுட்டு முடிச்சு குண்டு ரொப்புற மேகசினைக் கழட்டிட்டேன். காலின்னு நெனச்சுட்டேன். உள்ள ஒண்ணு குந்திகினு இருந்துச்சு. தொடைக்கலாம்னு கைல எடுத்தேன். விசையில விரல் பட்டுடுச்சு. எதிர்ல இவன் குந்திகினு இருந்தான்."

"டேய், சும்மா கெட," என்றார் மாமா.

"எவனும் இவனைச் சுடலம்மா. நான்தான் சுட்டேன்."

எனக்கு அலை முழங்காலில் மோதியதுகூட உறைக்கவில்லை. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் கை நனைத்த மனிதர். அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக்கூடச் சொல்லலியே நீ."

"பட்டாளத்துல விசாரிச்சு இவனுக்குத் தண்டனை குடுத்துட்டாங்க," என்றார் மாமா. "ஊர்லயும் எதுக்கு? பொண்டாட்டி புள்ளையோட இவன் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

அதற்குமேல் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. சாமான்களைக் கட்டினோம். நண்பர் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று ரோட்டைப் பார்த்து நடந்தார். அக்காதான் பின்னாலேயே போய் நிறுத்தினாள்.

"வேன்ல ஏறுண்ணா. கல்யாணத்துக்கு மொத நாளே வந்துடணும். அண்ணியையும் கூட்டிகினு வா."

அவர் ஏறினார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு அக்கா மாமாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா?"

வீரக் கதையாகவே கேட்டுப் பழகிய எங்களில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குளிர் காலத்துல இப்பவும் வலிக்குது," என்றார்.